கிழித்தெறிந்த கடிதமும் நட்டு வைத்த கல்லும்

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டில், தபால்காரர் கொண்டுவரும் கடிதங்களுக்கு இருவகை உபசாரம் நடந்ததைச் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரிகையானால், அது சுவாமி படத்தின் முன்னால் வைக்கப்பெற்று, பிறகு மாடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிடும். மூலையில் கருமை தடவிய கார்டானாலோ, அதை வாங்கியவர் திண்ணையில் நின்றபடியே படித்து, செய்தி இன்னதென்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, நடையைத் தாண்டுவதற்கு முன்பாகவே நாலாகக் கிழித்துத் தெருவோரத்தில் போட்டுவிடுவார். இறந்தவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், எவ்வளவு அருமையான மனிதராயினும், அந்தக் காகிதம் ஓர் இரவுகூட வீட்டுக்குள் தங்கியதில்லை. ஐம்பது ஆண்டுக் கலியாணங்களின் வரலாற்றைக் காட்டக்கூடிய பெட்டி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. அதே ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மரணங்களைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

நோயையும் சாவையும் அழிவையும் பொருளாகக் கொண்ட கலைப் பொருள்களைச் சேகரிப்பதைப் பற்றி எழுதப் புகும்போது இந்தக் கிழிந்த கார்டைத்தான் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய சேகரம் ஒரு கௌரவமான துறையாக வளர்ந்திருக்கிறது. சிகாகோ நகரில் பழைய அச்சுப் படங்களை விற்றுவந்த ரிச்சர்டு ஹாரிஸ் என்பவர் மரணத்தைப் பற்றிய சித்திரங்களையும் சிற்பங்களையும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தார்; அவற்றுள் ஏறத்தாழ 300 உருப்படிகள் 2012-ஆம் ஆண்டு லண்டனிலுள்ள வெல்கம் காட்சிசாலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அக்காட்சிசாலைக்கு மூலபுருஷரான ஹென்றி வெல்கம் (1853-1936) மருந்து வியாபாரத்தில் ஈட்டிய பெருஞ்செல்வத்தை உலகெங்குமுள்ள வைத்திய சம்பந்தமான பொருள்களை வாங்குவதிலேயே செலவிட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைக் குவித்தவர். பைரா மால் என்ற பஞ்சாபிய டாக்டரை நம் தேசத்துக்கு அனுப்பிச் சுவடிகளையும் சித்திரங்களையும் மருத்துவக் கருவிகளையும் அவர் திரட்டச் செய்தார். இவ்வளவு ஆர்வத்தோடு அயலார் சேர்த்துவைக்க, நாம் மட்டும் வாசலிலேயே கிழித்து எறிகிறோமே, இது அறியாமையா, அல்லது ஏதேனும் ஒரு விவேகத்தின் பாற்பட்டதா என்ற கேள்வி என்னைப் பல காலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

சாவைப் பற்றிய கலை நம்மிடம் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. ஒப்பாரி ஒன்றே போதும். எழுத்தறியாத மூதாட்டி, தன் மகனோ கணவனோ கிடத்தப்பட்டிருக்கும் இடத்தில், மார்பிலடித்துக்கொண்டு, முன்பின் யோசியாமல், உவமையும் எதுகையும் தாமே வந்து விழும்படி பாடிச் செல்வதைக் கேட்டவர்கள், கவிதை எங்கே பிறக்கிறது என்ற ஆராய்ச்சியை வேறிடத்தில் நடத்த மாட்டார்கள். ஆனால் அதைச் சேகரிக்கப் புறப்பட்டவர்கள் பட்ட பாடு தனி. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு வந்துவிடும் என்று பெண்கள் வாய் திறக்க மறுப்பார்கள். களத்துமேட்டுக்கோ ஊர்ப்புறத்து மரத்தடிக்கோ அவர்களை அழைத்துப்போய், நல்ல நாளல்லாத நாள் பார்த்து, மெல்ல மெல்லப் பாடச் செய்ய வேண்டியிருந்தது. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) முதலிய நூல்களில் இன்று நாம் அமர்ந்து படிக்கும் ஒப்பாரிகளுக்குப் பின்னால் இத்தகைய தயக்கங்கள் எத்தனையோ இருந்திருக்கும்.

வியாதியைப் பற்றிய கலையும் இப்படியே. வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகிறவர்கள் சந்நிதித் தெருக் கடைகளில் வெள்ளித் தகட்டில் அடித்த உருக்களைப் பார்த்திருப்பார்கள். கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால், முழுச் சரீரத்துக்கு முழு மனித வடிவம் என்று, மனித தேகத்தின் நோய்கள் அத்தனைக்கும் ஒரு சிற்றுருவம் அங்கே கிடைக்கும். அச்சில் அடித்த எளிய வேலைதான். ஆயினும் அந்தத் தகட்டுக் காலை ஒரு தாய் தன் பிள்ளையின் காலில் தொட்டு எடுத்து உண்டியலில் போடும்போது அதற்கு வந்து சேரும் கனம் எந்த மகா சிற்பத்துக்கும் குறைந்ததன்று. உண்டியல் திறந்தால் அது வெள்ளியாக நிறுக்கப்பட்டு எடைக் கணக்கில் சேர்ந்துவிடும், உருவம் போய்விடும். அம்மை கண்ட வீட்டில் செருகிய வேப்பிலை வாடும். மாரியம்மனுக்கு நேர்ந்து வைத்த மண் பொம்மை மழையில் கரையும். வேளாங்கண்ணி மாதா கோயிலில் மட்டும், குணமடைந்தோர் செலுத்திய காணிக்கை உருக்களைக் காட்சிக்கு வைத்த ஒரு சாலை உண்டு. அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். நோயின் சரித்திரத்தை நோயாளிகளே எழுதிவைத்த இடம் தமிழ்நாட்டில் அதைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை.

இனி, தினந்தோறும் நம் கண்ணெதிரே இருந்தும் நாம் கலையென்று எண்ணாதது ஒன்று உண்டு: சுவரில் ஒட்டும் ‘கண்ணீர் அஞ்சலி’. திருவல்லிக்கேணியின் சந்துகளில் காலையில் நடந்தால், முந்தின இரவு காலமான ஒருவருடைய முகம் ஈரப் பசையோடு நம்மைப் பார்க்கும். தோற்றம் இன்ன நாள், மறைவு இன்ன நாள் என்ற இரு வரிகள், இருபுறமும் தீபம், மேலே ஒரு கண், அதிலிருந்து வடியும் ஒரு துளி, கீழே நண்பர்களுடைய பெயர்கள், சில சமயம் அவர்களுடைய படங்களும். உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எழுதி, கோத்து, அச்சிட்டு, ஒட்டிவிட வேண்டும் என்ற அவசரத்திலும் இதற்கென்று ஓர் இலக்கணம் உருவாகியிருக்கிறது. நேற்று மீன் விற்றவரும் ஆட்டோ ஓட்டினவரும் இன்று சுவரில் ஒரு தலைவருக்குரிய அளவில் நிற்கிறார்கள். அவர்களுடைய ஆயுளில் வேறெந்த நாளிலும் அந்த மரியாதை அவர்களுக்குக் கிடைத்திராது. பதினாறாம் நாளுக்குள் அதன்மேல் சினிமா விளம்பரம் ஏறிவிடும். பசைக்காக மாடு ஒரு மூலையைத் தின்றிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒரு நியதி புலனாகிறது. கிழிவது, கரைவது, உருகுவது, காற்றோடு போவது என்று, நம்மவர்கள் மரணத்தையும் நோயையும் பற்றிச் செய்த கலையை அழியும்படியாகவே செய்தார்கள். துக்கத்துக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முடிந்ததும் துக்கத்தின் சின்னமும் போய்விட வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, இறந்தவரை நாற்காலியில் சாய்த்து, மாலையிட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நிற்கப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் பரவியது. இறந்தவருக்கு அதுவே முதல் படமும் கடைசிப் படமுமாக இருந்த குடும்பங்கள் பல. அந்தப் படங்களையும்கூடக் கூடத்தில் மாட்டியவர்கள் சிலரே; பெட்டியின் அடியில் வைத்தவர்கள் பலர்; ஒரு தலைமுறை கழிந்ததும் யாரென்று தெரியாமல் எறிந்துவிட்டவர்கள் மிகப் பலர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் திரட்டி மின்னுருவில் பாதுகாத்து வருகிறார்கள் என்பது ஆறுதல் தரும் செய்தி.

ஆயினும் இந்த நியதிக்குப் புறம்பான ஒன்று நம் மரபிலேயே உண்டு, அது கல். ஆநிரை மீட்கப்போய் விழுந்தவனுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கும் நம் முன்னோர் நடுகல் நாட்டினார்கள். 2006-ல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட கற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. இந்த வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு அவையே சாட்சி. செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமி தொகுத்து 1972-ல் வெளியிட்டபோதுதான் அவை எத்தனை செறிவாகப் பேசுகின்றன என்பது படித்தவர்களுக்குத் தெரிந்தது. எடத்தனூரில் மகேந்திரவர்மனுடைய 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டிய கல் ஒன்று உண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபட்டதையும், கோவிவன் என்ற அவனுடைய நாய் காத்து நின்றதையும் அது சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த வீரனுடைய பெயரும் அவனுடைய நாயின் பெயரும் நமக்குத் தெரிகின்றன; அரசன் பெயர் தெரிகிறது; ஆண்டு தெரிகிறது. கல்வெட்டின் வாசகம் சுருக்கமானது, ஆனால் அதில் எவரும் பெயரற்றவராக இல்லை.

இந்தக் கல்லும் வீட்டுக்குள் வைக்கப்பட்டதன்று. ஊர்ப்புறத்தில், எல்லையில், வழிப்போக்கர் காணும் இடத்தில் நின்றது. வீட்டில் நிகழும் தனிமனிதச் சாவின் சின்னங்கள் அழிந்துபோகலாம், ஊருக்காக நிகழ்ந்த சாவும் ஊருக்கே நேர்ந்த சாவும் ஊர்ப்பொதுவில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே நம் முன்னோருடைய ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். கிழித்த கடிதம், நட்ட கல் ஆகிய இரண்டும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. ஆகவே நம்மிடம் சேகரிக்கும் வழக்கம் இல்லையென்பது சரியன்று. எதைச் சேகரிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதில் நமக்கென்று ஒரு முறை இருந்தது.

அந்த முறையை நமக்கு மீட்டுத் தந்தவர் எங்கள் திருவல்லிக்கேணியிலேயே வாழ்ந்தார். உ. வே. சாமிநாதையர் 1903-ல் சென்னைக்கு வந்து, பிள்ளையார் கோயில் தெருவில் ‘தியாகராஜ விலாசம்’ என்று, தமக்குக் கல்லூரி வேலை கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாருடைய பெயரிட்ட வீட்டில் நெடுங்காலம் வசித்தார். அவர் பதிப்பித்த புறநானூறு (1894) ஒருவகையில் பார்த்தால் மரணத்தைப் பற்றிய மாபெரும் கலைச் சேகரம். நடுகல்லை நோக்கிப் பேசும் பாட்டும், அரசனை இழந்த புலவரின் கையறுநிலையும், தலைவனோடு தன்னையும் கொள்ளும்படி பெரிய தாழியாகச் செய்துதருமாறு குயவனை வேண்டும் ஒருத்தியின் பாட்டும் அதில் உண்டு. அவர் 1898-ல் வெளியிட்ட மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும் காதை சுடுகாட்டை அடி அடியாக நடந்து காட்டுகிறது. இத்தனையும் ஏடுகளில் செல்லரித்துக் கிடந்தவை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடுவதைப் புண்ணியமென்று நினைத்திருந்த வீடுகளில் அவர் சென்று கேட்ட வரலாறு யாவரும் அறிந்தது. அவர் வாழ்ந்த அந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. அத்தெரு வழியாகப் போகும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

தாழியைப் பற்றிச் சொன்னேன். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் புதைந்திருந்த முதுமக்கள் தாழிகளை முதன்முதலில் அகழ்ந்தெடுத்தவர் பெர்லின் நகரத்து டாக்டர் ஜாகோர். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்கே போய்ச் சேர்ந்தன. பிறகு அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்து எடுத்தவைதாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஜாகோர் வந்த ஆண்டு 1876. தமிழர் கணக்கில் அது தாது வருஷம்.

தாது வருஷம் என்றால் இன்றும் முதியவர்கள் வாயில் பஞ்சம் என்றே பொருள். 1876-ல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய அந்தத் துர்ப்பிக்ஷம் 1878 வரையில் தென்னிந்தியாவை வாட்டியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 55 இலட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கு மேலும் சொல்லுகிறவர்கள் உண்டு. 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா ராணியை இந்தியச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் டில்லியில் கோலாகலமாக நடந்தது; அதே மாதத்தில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (பவுண்டு) தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று அளவைக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்து அளவு உயர்த்தப்பட்டதென்றாலும், அதற்குள் அந்த ஒரு ராத்தல் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்றோ! இந்த விருத்தாந்தம் முழுவதையும் அப்போது சென்னையில் பத்திரிகாசிரியராயிருந்த வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டிருக்கிறார்.

அந்தப் பஞ்சத்தை ஒருவர் காமிராவில் பிடித்தார். வில்லோபி வாலஸ் ஹூப்பர் (1837-1912) சென்னைக் குதிரைப்படையில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர். நிவாரண முகாம்களில் எலும்புக் கூடாய் நின்றவர்களையும், குழந்தைகளையும், மந்தையில் எஞ்சிய மாடுகளையும் அவர் எடுத்த படங்கள் இன்று லண்டனில் வெல்கம் சேகரத்திலும், ராயல் ஜியாக்ரபிகல் சொஸைட்டியிலும், அமெரிக்காவில் கெட்டி அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நான் அவற்றைப் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன். உடலின் மேல்துணி விலக்கி, விலா எலும்புகள் ஒளியில் தெரியும்படி, சிலர் உட்கார்ந்தும் சிலர் பின்னே நின்றுமாக, கலியாண வீட்டில் குழுப்படம் எடுப்பதுபோல் அவர்கள் வரிசையாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். ஒரு தாய் குழந்தையைக் காமிராவின் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறாள். திருப்பச் சொன்னது யார் என்பது படத்தில் இல்லை. பத்து வருஷம் கழித்து, 1886-ல், இதே ஹூப்பர் பர்மாவில் மாண்டலே நகரில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் தருணத்தைப் படமெடுக்க முற்பட்டதும், அதன் மேல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வி எழுந்து விசாரணை நடந்ததும் சரித்திரப் பிரசித்தம். அவருடைய காமிராவின் பின்னால் இருந்த மனம் எத்தகையது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்ல என் நா எழவில்லை. அவை நமக்கிருக்கும் சாட்சியங்கள். அறிக்கைகளில் எண்களாக இருந்தவர்கள் அங்கே மனிதர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய கண்கள் நம்மைப் பார்க்கின்றன. நான் குற்றமாகக் கருதுவது வேறு. எடத்தனூரில் நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. இந்தப் படங்களில் ஒருவருக்கேனும் பெயர் இல்லை. ‘நிவாரண முகாமில் உள்ளவர்கள்’ என்பதுபோன்ற ஒரு பொதுக் குறிப்போடு அவர்கள் ஆல்பத்தில் ஒட்டப்பட்டார்கள், ஆல்பம் கை மாறிற்று, ஏலத்துக்குப் போயிற்று, சேகரமாயிற்று. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நிமிஷம் போதுமே! மரணத்தைப் பற்றிய கலையைச் சேகரிக்கிற எவரையும் அளக்க நான் கையாளும் அளவுகோல் இதுதான்: இறந்தவன் அங்கே ஒரு மனிதனாக இருக்கிறானா, ஒரு மாதிரிப் பொருளாக இருக்கிறானா? வெல்கம் காட்சிசாலையார் தங்கள் நிறுவனருடைய சேகரத்தைக் காட்டிவந்த பழைய மண்டபத்தை 2022 நவம்பரில், பதினைந்தாண்டுகளுக்குப் பின், மூடிவிட்டார்கள். இனவாதமும் பெண்ணிழிவும் உடற்குறையுற்றோரைத் தாழ்த்தும் எண்ணமும் கலந்த மருத்துவ வரலாற்றையே அது தொடர்ந்து சொல்கிறது என்பதே அவர்கள் கூறிய காரணம். காலந்தாழ்ந்தாலும் நேர்மையான காரியம்.

பஞ்சத்தைச் சித்திரிப்பதில் இதற்கு நேர்மாறான வழியும் நம் தேசத்திலேயே உண்டு. 1943-ல் வங்காளத்தில் முப்பது இலட்சம்பேர் வரையில் மாண்ட பஞ்சத்தின்போது, சித்தபிரசாத் என்ற இளம் ஓவியர் மேதினிபூர் ஜில்லாவில் கால்நடையாகத் திரிந்து, தாம் கண்டவர்களைக் கறுப்பு மையில் வரைந்து, அவர்களோடு பேசியதையும் எழுதி, ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவர் சித்திரங்களில் மனிதர்களுக்கு ஊர் உண்டு. பலருக்குப் பெயரும் உண்டு. அரசாங்கம் அந்நூலின் ஐயாயிரம் பிரதிகளையும் பறிமுதல் செய்து எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் ஒரு பிரதியைப் பாங்கி லாக்கரில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதைக் கொண்டே 2011-ல் அந்நூல் மீண்டும் அச்சேறியது. ஐயாயிரத்தில் ஒன்று! அந்த லாக்கரை நம் நாட்டிலுள்ள மிகச் சிறந்த காட்சிசாலைகளில் ஒன்றென்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

அப்படியானால் தாது வருஷத்தைப் பற்றி நம்மவர் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள்; காமிராவால் அன்று, பாட்டால். சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்று ஒரு பெருநூலே பாடினார். மதுரைச் சொக்கநாதரே குடிகளுக்காகச் சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் கொடுத்தனுப்புவதாக அமைந்தது அது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுபவை பஞ்சக் கும்மிகள். அரிசி என்ன விலை விற்றது, மக்கள் எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், யார் கஞ்சி ஊற்றினார்கள், எந்த வியாபாரி பதுக்கினான், எந்த ஊரார் எந்தத் திசையில் குடிபெயர்ந்தார்கள் என்றெல்லாம், கைகொட்டிப் பாடும் மெட்டில், ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாக அவை சொல்லிச் செல்கின்றன. ஹூப்பருடைய படத்தில் இல்லாத பெயர்கள் இவற்றில் உண்டு. கொங்கு நாட்டுப் புலவர் செ. இராசு இத்தகைய கும்மிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது தமிழுக்குச் செய்த பேருபகாரம்.

இவ்வகைப் பாட்டுகள் பின்னர் மலிவுக் காகிதத்தில் அச்சாகித் தெருவில் பாடிக்கொண்டே விற்கப்பட்டன. சென்னைக் குஜிலிக் கடைத் தெருவின் பெயரால் இவற்றைக் குஜிலிப் புத்தகம் என்பார்கள். வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு சிந்து, எங்காவது கொலை நடந்தால் கொலைச் சிந்து என்று, செய்தித்தாள் வாங்காத மக்களுக்கு மரணத்தின் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த எட்டுப் பக்கப் பிரசுரங்களே. கற்றவர்கள் இவற்றை அருவருத்தார்கள்; நூலகங்கள் வாங்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று இவற்றுக்கு ஒரு நூல் எழுதும் வரையில் இவை ஆராய்ச்சிக்குரிய பொருளென்ற எண்ணமே பலருக்கு இருந்ததில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்றவர்கள்தாம், உயர்ந்தது தாழ்ந்தது என்று பாராமல் அச்சடித்த காகிதம் யாவற்றையும் சேர்த்தார்கள். 1992-ல் அவர் காலமானபின், ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரத்தைச் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. அதன் நல்லெண்ணத்தால் அது கடல் கடந்து போகாமல், 1994 முதல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

எங்கள் பேட்டைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பைகிராப்ட்ஸ் சாலை என்று முதியவர்களும் பாரதி சாலை என்று இளையவர்களும் சொல்லும் வீதியின் நடைபாதையில், தலைமுறை தலைமுறையாகப் பழைய புத்தகக் கடைகள் நடந்துவந்திருக்கின்றன. கல்லூரிப் பாடநூலுக்கும் ஆங்கில நாவலுக்கும் அடியில், கயிற்றால் கட்டிய ஒரு கட்டில், மேலட்டை போன ஒரு சிந்தோ கும்மியோ, இறந்தவர்மேல் பாடிய சரமகவியோ அகப்படும். முதன்முதல் எனக்கு அப்படி ஒன்று கிடைத்த அன்று, கடைக்காரர் அதற்குத் தனியாக விலை சொல்ல மனமின்றி, நான் வாங்கிய அகராதியோடு சும்மா கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது என் அத்தை அதன் தலைப்பைப் படித்துவிட்டு, “இதை உள்ளே வைக்காதேடா” என்றாள். நானும் நெடுநாள் அதைத் திண்ணை அலமாரியில்தான் வைத்திருந்தேன். அவள் சொன்னது சரி என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. வீடு இதற்கு இடமன்று. ஆதலால்தான் பொது இடம் ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்தப் பொது இடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தின் மிகப் பெரிய சின்னம் எங்கள் பேட்டையின் ஓரமாகவே ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் எட்டுக் கிலோமீட்டர்க் கால்வாய், 1877-78-ல், பஞ்சத்தில் அடிபட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு நிவாரண வேலையாக வெட்டுவிக்கப்பட்டது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் செல்லும் அந்தக் கால்வாய்க்கு அக்காலத்துக் கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் இடப்பட்டது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதில் ஒரு நிலையத்துக்குத் திருவல்லிக்கேணி என்றே பெயர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். கீழே ஓடும் கரிய நீர் எவர் கையால் வெட்டிய பள்ளத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லும் ஒரு கல்லை அதன் கரையில் நான் நடந்த வரையில் கண்டதில்லை.

நடுகல் நாட்டும் வழக்கமுள்ள ஜனங்கள் நாம். நிலைய வாசலில் ஒரு கல் நாட்ட வேண்டும். தாது வருஷம் என்றும், பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்கள் நிவாரணக் கூலிக்கு இதை வெட்டினார்கள் என்றும் அதில் பொறித்தால் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தாழிகள் இருக்கும் கட்டடத்துக்கு அருகே ஓர் அறை ஒதுக்கி, லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள பஞ்சப் படங்களுக்குப் பிரதி வருவித்து, அவற்றின் பக்கத்திலேயே பஞ்சக் கும்மிகளை வைத்து, பாடத் தெரிந்தவரைக் கொண்டு பாடுவித்து ஒலிப்பதிவும் செய்து வைக்க வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியது இது. வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் பரணிலோ, பாட்டனார் பெட்டியிலோ, பஞ்சத்தையும் வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் பாடிய ஒரு கிழிந்த புத்தகம், மாலையிட்டுச் சாய்த்த ஒரு முதியவரின் படம், இருந்தால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் வைக்க மனமில்லையென்றால் ஒரு நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன், படத்தின் பின்புறத்தில், உங்களுக்குத் தெரிந்த வரையில் பெயரை எழுதிவிடுங்கள்.